உங்களுக்குத் தெரியுமா? வீட்டுக் கம்ப்யூட்டர் ஏன் ஊர்கிறது?

◆ தினமும் ராத்திரி ஷட் டவுன் கொடுத்துவிட்டுத்தான் படுக்கப் போகிறீர்கள். ஆனாலும் உங்கள் கம்ப்யூட்டர் முழுசாக அணைவதில்லை, தெரியுமா? 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்றொரு ஏற்பாடு உள்ளே இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்ததும் திறந்திருந்த புரோகிராம்கள் மூடிக்கொள்ளும். ஆனால் விண்டோஸின் உயிர்நாடியான கெர்னலும், அதோடு சேர்ந்த டிரைவர்களும் இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் எழுதி வைக்கப்பட்டு, மறுநாள் காலையில் அப்படியே எழுப்பப்படும். சீக்கிரம் ஆன் ஆவதற்கான உத்தி இது. அதோடு நேற்றைய கோளாறும் சேர்ந்தே எழுந்து வரும்.

ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் கலைந்து முதலிலிருந்து தொடங்கும். சந்தேகம் இருந்தால் டாஸ்க் மேனேஜரில் ‘பர்ஃபார்மன்ஸ்’ பக்கத்துக்குப் போய் சிபியு என்ற இடத்தில் ‘அப் டைம்’ பாருங்கள். தினமும் அணைக்கிற கம்ப்யூட்டர்களில்கூடப் பன்னிரண்டு நாள், இருபது நாள் என்று ஓடிக்கொண்டிருக்கும். வாரத்துக்கு ஒருமுறையாவது ரீஸ்டார்ட் கொடுங்கள். காசில்லாத வைத்தியம், முதலில் செய்ய வேண்டிய வைத்தியமும் இதுதான்.

◆ அந்த டாஸ்க் மேனேஜரை எழுதியவர் மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த டேவ் பிளம்மர். 1996-இல் விண்டோஸ் என்டி 4.0-வோடு வந்தது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நேராகத் திறக்கும். சிபியு, மெமரி, டிஸ்க், நெட்வொர்க் என்று நான்கு பத்திகள் இருக்கும். எந்தப் பத்தியின் தலைப்பைத் தட்டுகிறீர்களோ, அதை அதிகம் தின்பவர் மேலே வந்து நிற்பார். கம்ப்யூட்டர் திணறும் அந்த நேரத்திலேயே இதைத் திறந்து பார்க்க வேண்டும். நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கக் கூடாது. ‘ரேம் போட்டா சரியாயிடும்’, ‘ஃபார்மேட் அடிச்சா சரியாயிடும்’ என்று சொல்வதற்கு முன்னால், நான்கில் எது 100-ஐத் தொடுகிறது என்று ஒருவராவது பார்த்திருக்க வேண்டும்.

◆ டாஸ்க் மேனேஜரின் ‘டீடெயில்ஸ்’ பக்கத்தில் ‘சிஸ்டம் ஐடில் பிராசஸ்’ 95, 98 என்று காட்டுகிறதா? பதற வேண்டாம். பிராசஸர் அவ்வளவு நேரம் வேலையில்லாமல் சும்மா இருக்கிறது என்பதற்கான கணக்கு அது.

◆ டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து ‘ரிஃப்ரெஷ்’ கொடுத்தால் வேகம் கூடுமா? கூடாது. ஒரு சதவீதம்கூடக் கூடாது. நம் ஊரில் கம்ப்யூட்டர் சென்டரில் படித்த யாரைப் பார்த்தாலும், ஆன் செய்தவுடன் நான்கைந்து தடவை ரிஃப்ரெஷ் கொடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். திரையில் இருக்கும் ஐகான்களை மறுபடி ஒருமுறை வரைந்து காட்டு என்பதுதான் அதன் பொருள். புதிதாகப் போட்ட ஃபைல் கண்ணில் படாவிட்டால் அப்போது எஃப்5 உதவும். மெமரியைத் துடைப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

◆ எங்கள் பெரியக்கா வீட்டுக் கம்ப்யூட்டர் ஆன் ஆகி, அம்பு நகர ஆரம்பிக்க ஆறேழு நிமிஷம் ஆகும். “ஸ்விட்சைப் போட்டுட்டு உலை வச்சிட்டு வந்தாலும் அது இன்னும் சுத்திக்கிட்டே இருக்குடா தம்பி, எடைக்குப் போட்டுடலாமா?” என்றாள். தெருமுனையில் ஒரு கடையில் காட்டியிருக்கிறாள். மதர்போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். சிபியு 8. மெமரி 60. டிஸ்க் 100. எதுவுமே திறக்காமல் வெறுமனே நிற்கும்போதும் டிஸ்க் 100. அதற்கு மேல் தேட வேண்டியதில்லை. கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால், தூசி பஞ்சு மாதிரி திரண்டு கிடந்தது. மூலையில் இரண்டு பல்லி முட்டை. ஹார்ட் டிஸ்க்கின் மேல் ஒட்டிய தாளில் 5400 என்று அச்சிட்டிருந்தது. நிமிஷத்துக்கு 5400 சுற்று. அதாவது விநாடிக்கு 90. ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. வேண்டிய தகவல், அதைப் படிக்கும் ஊசிமுனைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்றாவது காத்திருக்க வேண்டும். ஊசி இடம்விட்டு இடம் நகரும் நேரம் தனி. அப்படியானால் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை விநாடிக்கு நூறு தடவைகூட எடுத்துத் தர அதனால் முடியாது. விண்டோஸ் எழும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகள். பாவம், அது என்ன செய்யும்?

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை. சில்லில் இருந்து நேராக எடுக்கிறது. சாதாரண எஸ்எஸ்டியே விநாடிக்குப் பல்லாயிரம் தடவை எடுத்துத் தரும். அக்கா வீட்டில் மாற்றியது அந்த ஒன்றைத்தான். அதே மதர்போர்டு, அதே ரேம். இப்போது அரை நிமிஷத்துக்குள் தயாராகிவிடுகிறது. பத்து வருஷப் பழைய கம்ப்யூட்டராக இருந்தாலும், உள்ளே சுழலும் டிஸ்க் இருந்தால் வேறு எதையும் யோசிப்பதற்கு முன் இதை யோசியுங்கள். புதுக் கம்ப்யூட்டர் விலையில் இது ஒரு சிறு பங்குதான்.

◆ உலகின் முதல் ஹார்ட் டிஸ்க் 1956-இல் ஐபிஎம் கொண்டுவந்த ராமாக் கணினியில் இருந்தது. ஒவ்வொன்றும் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள். எல்லாம் சேர்ந்து பிடித்தது 50 லட்சம் எழுத்துகள். இன்றைய செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு படத்துக்குத்தான் அது காணும்.

◆ 500 ஜிபி டிஸ்க் வாங்கினால் விண்டோஸ் 465 என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஒரு கிலோவை 1000 என்று எண்ணுகிறார், விண்டோஸ் 1024 என்று எண்ணுகிறது.

◆ எஸ்எஸ்டி போட்டபிறகு டீஃப்ராக் செய்யாதீர்கள். சுழலும் டிஸ்க்கில் சிதறிய துண்டுகளை அடுத்தடுத்து அடுக்கி வைத்தால் ஊசியின் அலைச்சல் குறையும். எஸ்எஸ்டியில் ஊசியே கிடையாது. எழுத எழுத அதன் ஆயுள்தான் குறையும். அதற்கு வேண்டியது ‘டிரிம்’ என்ற வேறு பராமரிப்பு. 2009-இல் வந்த விண்டோஸ் 7 தொட்டு அதை விண்டோஸே பார்த்துக்கொள்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது, விளிம்பு வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டு வைப்பது.

◆ எப்போது மந்தமாகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. ஆன் செய்த முதல் பத்து நிமிஷம் திணறி, பிறகு சரியானால் கூடவே எழுந்துகொள்ளும் புரோகிராம்கள் காரணம். டாஸ்க் மேனேஜரின் ‘ஸ்டார்ட்அப்’ பக்கத்தில் வேண்டாதவற்றை நிறுத்தி வைக்கலாம். முதலில் நன்றாக ஓடி, போகப் போகத் தளர்ந்தால் சூடு. பிரவுசரில் நாலைந்து பக்கம் திறந்ததும் நின்றால் ரேம். நேற்று வரை நன்றாக இருந்து இன்று திடீரென்று படுத்தால், புதிதாக வந்த அப்டேட், வைரஸ், அல்லது சாகத் தொடங்கிய டிஸ்க்.

◆ சூடு என்றேன் அல்லவா, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பிராசஸர் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்தது. இன்டெல் பிராசஸர்கள் பலவற்றுக்கு 100 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. அதை நெருங்கியதும் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அக்னி நட்சத்திர வெயிலில், மேஜைக்கு அடியில், சுவரோடு ஒட்டி, மேலே துணி போர்த்தி வைத்தால் அது மூச்சு விடுவது எப்படி? வெளிக்காற்றே 40 டிகிரி என்றால் உள்ளே இருக்கும் விசிறி அந்த 40 டிகிரிக் காற்றைத்தான் அள்ளி வீச முடியும். பிராசஸருக்கும் அதன் மேல் உட்காரும் உலோக மடிப்புகளுக்கும் நடுவில் தடவிய பேஸ்ட் சில வருஷங்களில் காய்ந்து பொருக்காகிவிடும். பழையதை வழித்துத் துடைத்துவிட்டு ஒரு பட்டாணி அளவு புதிதாக வைத்தால் போதும்.

ப்ளோயரால் தூசி ஊதும்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று வேகத்தில் அது கண்டபடி சுழன்றால் பேரிங் கெடும். விசிறி ஜெனரேட்டர் போல மின்சாரம் கிளப்பி போர்டுக்கும் கேடு வரலாம்.

◆ ரேம் நிறைந்துவிட்டால் என்ன ஆகும்? விண்டோஸ் கையில் இருப்பதில் கொஞ்சத்தை எடுத்து டிஸ்க்கில் ‘பேஜ் ஃபைல்’ என்ற இடத்தில் வைத்துவிட்டு, வேண்டும்போது திரும்ப எடுத்துவரும். அடுப்படி மேடை நிறைந்ததும் பாத்திரத்தைப் பரண்மேல் ஏற்றி, ஒவ்வொரு கரண்டிக்கும் ஏணி போடுகிற மாதிரி. மெமரி பத்தி 85, 90-க்கு மேலேயே நின்றால் அப்போது ரேம் கூட்டுவதில் நியாயம் இருக்கிறது. 50-இல் நின்றால் எத்தனை ஜிபி போட்டாலும் காசுக்குத்தான் கேடு.

கூட்டுவதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். விண்டோஸ் 32-பிட்டா, 64-பிட்டா? 32-பிட் முகவரியால் எண்ணக்கூடிய மெமரி அறைகள் 429,49,67,296 மட்டுமே. அதாவது 4 ஜிபி. அதிலும் மற்ற சாதனங்களுக்கான பங்கு போக மூன்றேகால், மூன்றரைதான் கைக்கு வரும். வீட்டு விண்டோஸ் 32-பிட்டில் 8 ஜிபி ரேம் செருகினாலும் மேலே உள்ளது வீணாக உறங்கும். போர்டு இடம் கொடுத்தால் 8 ஜிபி ஒன்றைப் போடுவதைவிட 4 ஜிபி இரண்டைப் போடுவது நல்லது. இரண்டு வாய்க்காலில் தண்ணீர் பாயும்.

◆ ரேமை அழிரப்பரால் தேய்ப்பது மூடநம்பிக்கை இல்லை. திரை வராமல் பீப் பீப் என்று கத்தும்போதும், காரணம் தெரியாமல் அடிக்கடி உறையும்போதும் சர்வீஸ் பையன்கள் முதலில் செய்வது அதைத்தான். கடலோர ஊர்களின் உப்புக் காற்றிலும் ஈரத்திலும் ரேமின் பொன்முலாம் பூசிய பற்கள் மங்கிப்போகும். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தைத் தீர்த்து, கேபினெட்டின் உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டு, இரண்டு ஓரத்துக் கொக்கிகளையும் நீக்கி ரேமை எடுக்க வேண்டும். வெள்ளை அழிரப்பரால் பற்களை இலேசாக, ஒரே திசையில் நாலு இழுப்பு. துகளைத் தட்டிவிட்டு, ‘டக்’ என்று கேட்கும்வரை அழுத்திப் பொருத்துங்கள். வெறும் மந்தத்துக்கு இது மருந்தில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

◆ ‘ரன்’ பெட்டியில் ‘பிரீஃபெட்ச்’ என்று அடித்து, வருகிற எல்லாவற்றையும் அழி, வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எந்தப் புரோகிராமுக்கு எந்தத் துண்டுகள் தேவைப்படும் என்று 2001-இன் விண்டோஸ் எக்ஸ்பியிலிருந்து விண்டோஸ் எழுதி வைத்திருக்கும் குறிப்பு அது. அழித்தால் அடுத்த சில நாள் புரோகிராம்கள் இன்னும் மெதுவாகத் திறக்கும். ‘டெம்ப்’ ஃபோல்டரை அழிக்கலாம், இடம் கிடைக்கும். ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் புரோகிராம்கள் பக்கமே போக வேண்டாம். அவற்றைப் பயன்படுத்துவதைத் தான் ஆதரிக்கவில்லை என்று மைக்ரோசாஃப்டே அறிவித்திருக்கிறது.

◆ இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் இரட்டைப் பாதுகாப்பு கிடையாது. திறக்கும் ஒவ்வொரு ஃபைலையும் இருவரும் மாற்றி மாற்றிச் சோதிப்பார்கள். ஒன்று போதும், விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டுக்குப் போதும் என்பது என் கட்சி.

◆ குரோம் பிரவுசருக்குள்ளேயே தனியாக ஒரு டாஸ்க் மேனேஜர் உண்டு. ஷிஃப்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்துங்கள். எந்தப் பக்கம் எத்தனை எம்பி தின்கிறது என்று தனித்தனியாகச் சொல்லும்.

2017-இல் காயின்ஹைவ் என்று ஒன்று கிளம்பியது. வலைத்தளத்துக்குள் சில வரி நிரலைச் சேர்த்தால், பார்க்க வருகிறவரின் பிராசஸர் அவருக்குத் தெரியாமலே மொனேரோ என்ற டிஜிட்டல் காசைத் தோண்டிக் கொடுக்கும். பக்கம் திறந்திருக்கும் வரை விசிறி அலறும், கம்ப்யூட்டர் முடங்கும். 2019 மார்ச்சில் அதை மூடிவிட்டார்கள். வேறு பெயரில் அதே வித்தை இன்னும் உண்டு. ஒரு தளத்தைத் திறந்ததும் சிபியு ஏறி, மூடியதும் இறங்கினால் அந்தப் பக்கம் மறுபடி போகாதீர்கள்.

◆ கம்ப்யூட்டர் மெதுவா, நெட் மெதுவா? கம்ப்யூட்டரிலேயே இருக்கும் ஒரு படத்தைத் திறந்து பாருங்கள். அது பட்டென்று திறந்து, வலைத்தளம் மட்டும் இழுத்தால் குற்றம் நெட்டில். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது மட்டும் நெட் திக்குகிறதா? அடுப்பும் வைஃபையும் ஏறக்குறைய ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிக்கொள்ளுங்கள். பிளானில் 100 எம்பிபிஎஸ் என்று எழுதியிருப்பது பிட் கணக்கு. எட்டால் வகுத்தால் விநாடிக்கு 12.5 எம்பி. டவுன்லோடு அந்த எண்ணைக் காட்டினால் குறையொன்றும் இல்லை.

◆ திடீரென்று எந்தத் தளமும் திறக்காமல் ‘பாதுகாப்பற்றது’ என்று வருகிறதா? வலது மூலையில் தேதியைப் பாருங்கள், பல வருஷம் பின்னால் போயிருக்கும். ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என்று கெடு உண்டு. மதர்போர்டில் வட்டமாக இருக்கும் 3 வோல்ட் செல் தீர்ந்துபோனால், பிளக்கைப் பிடுங்கியதும் கடிகாரம் நின்றுவிடும். பெரும்பாலும் சிஆர்2032. 20 மில்லி மீட்டர் விட்டம், 3.2 மில்லி மீட்டர் தடிமன். பெயரிலேயே அளவு இருக்கிறது. வாட்ச் கடையில் கிடைக்கும்.

◆ விண்டோஸ் 95-க்கு வேண்டிய குறைந்தபட்ச ரேம் 4 எம்பி. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி. 1024 மடங்கு. பாஸ்கல் மொழியைப் படைத்த நிக்லாஸ் விர்த் 1995-லேயே இதை எழுதிவிட்டார்: வன்பொருள் வேகமாவதைவிட விரைவாக மென்பொருள் மெதுவாகிறது என்று. உங்கள் கம்ப்யூட்டர் முன்னைவிடச் சோம்பேறியாகிவிடவில்லை. அதன் முதுகில் ஏற்றும் மூட்டைதான் பெருத்துவிட்டது.

◆ விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் புதிய பிராசஸரும் இல்லாததால் பல நல்ல கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகக் காத்திருக்கின்றன. எனக்கு இது மிகுந்த வருத்தம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றைப் பதிந்தால் அவற்றில் பல இன்னும் சில வருஷம் கடிதம் அடிக்கும், பாடம் காட்டும், படம் ஓட்டும். காசும் இல்லை. தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இதில் புதுமை இல்லை: 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அலமாரியில் அப்படியொன்று தூங்கினால், ஒரு எஸ்எஸ்டியும் லினக்ஸும் போட்டு எழுப்பிப் பாருங்கள்.

◆ டிஸ்க் சாகப் போவதைப் பல சமயம் முன்கூட்டியே சொல்லும், தெரியுமா? ‘ஸ்மார்ட்’ என்ற சுயபரிசோதனைக் கணக்கு ஒவ்வொரு டிஸ்க்குக்குள்ளும் ஓடுகிறது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசப் புரோகிராம் அதைப் படித்து நீலம், மஞ்சள், சிவப்பு என்று காட்டும். அக்கா வீட்டு டிஸ்க் மஞ்சளில் இருந்தது. அதில் அவள் மகளின் காதுகுத்துப் படங்கள், அத்தானின் சர்வீஸ் ஆவணங்கள், அம்மா பேசிய கடைசி வீடியோ, எல்லாம் ஒரே பிரதி. ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதற்கு முன் நான் செய்த முதல் வேலை, அவற்றை வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்ததுதான். அதற்கே ஒரு ராத்திரி ஆயிற்று. உங்கள் கம்ப்யூட்டர் மெதுவாகியிருந்தால், ‘டக், டக்’ என்று உள்ளே சத்தம் கேட்டிருந்தால், இந்தப் பக்கத்தில் சொன்ன எதையும் செய்வதற்கு முன் உங்கள் வீட்டுப் படங்களை இன்று ராத்திரியே வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.